சப்பாத்து தேடி ஜொகூர் பாருவில்...

வார இறுதி வந்தால் ஜொகூர்க்காரர்களில் ஒரு சாராருக்குப் பேரங்காடி. இன்னொரு சாராருக்கு மலை. இரண்டாவது கூட்டம் பெருந்தொற்றுக் காலத்துக்குப் பிறகு கண்கூடாகப் பெருகிவிட்டது. குளுவாங்கில் லம்பாக் மலையடிவாரத்தில் விடியற்காலையிலேயே கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன. 510 மீட்டர் உயரம்தான் என்பதால் தாத்தா முதல் பேரப்பிள்ளை வரை குடும்பமாக ஏறுகிறார்கள். இறங்கியதும் பலருக்கு அடுத்த இடம் ரயில் நிலையத்துக் காப்பிக்கடை. லம்பாக் பழகியவர்கள் 654 மீட்டர் பூலாய் மலைக்குப் போகிறார்கள். அதற்கடுத்து 1,010 மீட்டர் பெலுமுட். கடைசியில் எல்லாரும் வந்து நிற்கும் இடம், தங்காக் மாவட்டத்தில் இருக்கும் லேடாங். 1,276 மீட்டர். மாநிலத்தின் மிக உயர்ந்த சிகரம்.

மலைக்குக் குறைவில்லை. ஏற ஆளுக்கும் குறைவில்லை. குறைந்து வருவது ஒன்றுதான்: மலைக்கு வேண்டிய சப்பாத்தையும் பையையும் கூடாரத்தையும் தொட்டுப் பார்த்து, போட்டுப் பார்த்து, விவரம் தெரிந்த ஒருவரிடம் கேட்டு வாங்குவதற்கு ஒரு கடை.

கோப்பை உண்டு, சப்பாத்து இல்லை

ஒரு ஜோடி மலையேறும் சப்பாத்துக்காக ஜொகூர் பாருவை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். நகரம் எப்படி மாறியிருக்கிறது என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

பழைய நகரின் முதுகெலும்பு வோங் ஆ ஃபூக் சாலை. இஸ்தானா புசாரைக் கட்டிய ஒப்பந்தக்காரரின் பெயர் அது. அதைச் சுற்றியுள்ள கடைவீடுகளில் இன்றும் சில விளையாட்டுப் பொருள் கடைகள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கின்றன. கண்ணாடி அலமாரி நிறைய வெற்றிக் கோப்பைகள், கேடயங்கள். ஒரு மூலையில் பூப்பந்து மட்டைக்கு நரம்பு கட்டும் இயந்திரம். பள்ளிப் போட்டி விளையாட்டுக்கு ஜெர்சி அச்சடித்துக் கொடுப்பதுதான் இவர்களுக்குச் சோறு போடும் தொழில். நம் தமிழ்ப்பள்ளிகளின் நீல, மஞ்சள், சிவப்பு இல்லச் சட்டைகளில் எத்தனையோ இப்படிப்பட்ட கடைகளிலிருந்து வந்தவைதான்.

மலையேறும் சப்பாத்து இருக்கிறதா என்று கேட்டால், கடைக்காரர் முதலில் நம் காலைப் பார்க்கிறார். பிறகு மேல் தட்டிலிருந்து தூசு படிந்த இரண்டு பெட்டிகளை இறக்குகிறார். ஒன்று 6ஆம் எண். மற்றது 11. நடுவில் எதுவும் இல்லை. "இப்போது யார் எங்களிடம் கேட்கிறார்கள்?" என்பதுதான் அவர் பதில். அதில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருக்கிறது.

அங்கிருந்து பேரங்காடிகளுக்குப் போனால் நிலைமை வேறு மாதிரி. குளிர்சாதனம், பளபளக்கும் விளக்கு, சுவர் முழுக்கச் சப்பாத்து. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை காற்சட்டையோடு போட்டுக்கொண்டு காப்பி குடிக்கப் போகும் சப்பாத்துகள். காடு, மலை என்றால் கடைசித் தட்டில் நான்கைந்து ஜோடி. விற்பனையில் நிற்கும் பிள்ளைகளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பாதி பேர் பள்ளிப் படிப்பை இப்போதுதான் முடித்தவர்கள். ஆனால் இந்த அடிப்பாகம் ஈரப் பாறையில் வழுக்குமா, இறக்கத்தில் பெருவிரல் முன்பக்கம் இடிக்குமா என்று கேட்டால், அவர்கள் கைப்பேசியை எடுத்து, நாம் வீட்டிலேயே படித்துவிட்டு வந்த அதே விவரத்தை நமக்கே படித்துக் காட்டுகிறார்கள். அளவு இல்லையென்றால் அடுத்த பதிலும் தயார்: "ஆன்லைன்ல பாருங்க அண்ணே."

ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால், வாகனம் நிறுத்தக் காசு கட்டி இங்கே எதற்கு வந்தோம்? மலையேறும் நண்பர்கள் குழுவில் யாரைக் கேட்டாலும் இதே புலம்பல்தான். அளவு இல்லை, ஆள் இல்லை, இருப்பதும் பழசு.

மெலக்காவின் சுல்தான் மாமுட் ஷா பெண் கேட்டபோது லேடாங் மலை இளவரசி ஏழு நிபந்தனை போட்டதாகக் கதை உண்டு. மெலக்காவிலிருந்து மலை வரை தங்கத்தில் ஒரு பாலம், வெள்ளியில் ஒரு பாலம், ஏழு தட்டு கொசு இதயம் என்று பட்டியல் நீளும். நாம் கேட்பது அதெல்லாம் இல்லை. 9ஆம் எண்ணில் ஒரு ஜோடி சப்பாத்து. அதற்கே இந்த அலைச்சல்.

பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

கடைகள் ஏன் இப்படி ஆயின? ஜொகூருக்கென்று ஒரு காரணம், உலகத்துக்கெல்லாம் பொதுவான சில காரணங்கள்.

நம்முடைய காரணம் கண்ணெதிரே நிற்கிறது. 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அந்த ஒரு கிலோமீட்டரைத் தாண்டினால் ஒரு டாலர் மூன்று ரிங்கிட்டுக்கும் அதிகம். அங்கிருந்து சாமான் வாங்க வருபவர்களை நம்பியே ஜொகூர் பாருவின் பல கடைகள் வளர்ந்தன. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. எல்லை மூடியது. தரைவழி எல்லை முழுமையாகத் திறக்க 2022 ஏப்ரல் 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டு ஆண்டு வாடகையை வியாபாரமே இல்லாமல் கட்டி எத்தனை சிறு கடை தாங்கும்?

இன்னொரு பக்கமும் உண்டு. சிங்கப்பூரில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் தினமும் அந்தப் பாலத்தைக் கடக்கிறார்கள். சம்பளம் டாலரில் வருகிறது. வேலை முடிந்து திரும்பும் வழியில் குயின்ஸ்வே கடைத்தொகுதியில் சப்பாத்தும், பீச் ரோடு கோல்டன் மைல் உணவங்காடிக் கட்டடத்திலுள்ள பழைய 'ராணுவச் சந்தை'யில் பை, பாய், கயிறு வகையறாவும் வாங்கிக்கொள்கிறார்கள். சிங்கப்பூரர்கள் மலிவு தேடி இங்கே வருகிறார்கள். நம்மவர்கள் தேர்வு தேடி அங்கே போகிறார்கள். நடுவில் மாட்டிக்கொண்டது உள்ளூர்க் கடை.

அடுத்தது கைப்பேசிச் சந்தை. கடையில் போட்டுப் பார்த்து அளவு தெரிந்துகொண்டு, வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தே ஷோப்பியிலோ லசாடாவிலோ வாங்குபவர்கள் ஏராளம். வெளிநாட்டிலிருந்து வரும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் அரசாங்கம் 10 விழுக்காடு வரி விதித்தது. அப்படியும் விலை வித்தியாசம் முழுதாக மறையவில்லை. கடை வாடகை, மின்சாரம், ஆள் சம்பளம் எதுவும் இல்லாத விற்பனையாளரோடு கடைக்காரர் எப்படிப் போட்டி போடுவார்?

மூன்றாவது, பெருங்கடைகள். பிரான்சில் 1976இல் தொடங்கிய டெக்கத்லோன் போன்ற நிறுவனங்கள் தாங்களே தயாரித்துத் தாங்களே விற்கின்றன. புதிதாக மலையேறத் தொடங்குபவரின் முதல் பை, முதல் விளக்கு, முதல் மழைச்சட்டை எல்லாம் அங்கே மலிவு. சிறு கடைக்கு இதனால் முதல் வாடிக்கையாளரே கிடைப்பதில்லை.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் நானூற்றுக்கும் மேற்பட்ட கிளைகள் வைத்திருந்த ஸ்போர்ட்ஸ் அத்தோரிட்டி 2016இல் நொடித்து எல்லாக் கிளைகளையும் மூடியது. கனடாவில் 1971இல் மலையேறிகள் சிலர் சேர்ந்து கூட்டுறவுக் கடையாகத் தொடங்கிய எம்.இ.சி., ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களோடு வளர்ந்தது. 2020இல் கடன் சுமையில் சிக்கி, ஓர் அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. எங்கள் கடையை எங்களைக் கேட்காமல் விற்றுவிட்டார்கள் என்று உறுப்பினர்கள் கொதித்தார்கள். மலைக்கடைக்கும் வாடிக்கையாளருக்கும் உள்ள உறவு வெறும் வியாபாரமாக மட்டும் இருந்ததில்லை என்பதற்கு அந்தக் கோபமே சாட்சி.

தள்ளுபடிப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

ஒரு கடை போனால் இன்னொரு கடை என்று விட்டுவிடலாம்தான். ஆனால் நலிந்துவரும் கடையில் வாங்குவதில் பலர் அறியாத ஓர் ஆபத்து இருக்கிறது.

மலையேறும் சப்பாத்துகள் பலவற்றின் நடு அடுக்கு பாலியூரித்தேன் என்ற நுரைப் பொருளால் ஆனது. மென்மையாக இருக்கும், எடையைத் தாங்கும். ஆனால் ஈரப்பதம் அதற்கு எதிரி. காற்றிலுள்ள நீராவி மெல்ல மெல்ல அதன் கட்டமைப்பைச் சிதைக்கிறது. இதற்கு நீராற்பகுப்பு என்று பெயர். போட்டு நடந்தால்தான் தேயும் என்பதில்லை. பெட்டிக்குள் சும்மா கிடந்தாலும் சிதையும். குளிர் நாட்டில் நெடுநாள் தாங்குவது, ஆண்டு முழுக்கப் புழுக்கமாக இருக்கும் நம் நாட்டில் விரைவாகவே பொடிந்துபோகும். வெளியே தோல் புத்தம் புதிதாக மின்னும். உள்ளே நுரை பழைய ரொட்டித்துண்டு மாதிரி ஆகியிருக்கும்.

விற்பனை மந்தமான கடையில் ஒரு பெட்டி எத்தனை ஆண்டு தூங்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடை மூடும் நேரத்தில் அதே பெட்டிதான் 'எழுபது விழுக்காடு தள்ளுபடி' ஒட்டுத்தாளோடு முன்வாசலுக்கு வருகிறது. ஆசையாக வாங்கிக்கொண்டு லேடாங் ஏறுவோம். அங்கே கயிறு பிடித்து ஏறும் பாறைகள் உண்டு, ஏணிகள் உண்டு. ஏறும்போது பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. இறங்கும்போது, உடல் எடை முழுவதும் முன்னங்காலில் விழும் நேரத்தில், அடிப்பாகம் வாயைப் பிளக்கும். மலையேறும் குழுக்களில் கயிற்றாலும் ஒட்டுநாடாவாலும் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு நொண்டி நொண்டி இறங்கியவர் ஒருவராவது இருப்பார். சிரித்துக்கொண்டே சொல்லும் கதைதான். ஆனால் மழை பிடித்து, இருட்டி, கூடவே பத்து வயதுப் பிள்ளையும் இருந்தால் அது சிரிக்கும் விஷயமல்ல.

கூடாரத்துக்கும் மழைச்சட்டைக்கும் இதே கதிதான். உள்பக்கப் பூச்சு பிசுபிசுவென்று ஒட்டினாலோ, தையல் மேல் ஒட்டிய நாடா உரிந்து வந்தாலோ மழைக்கு அது தாங்காது. நல்ல கடைக்காரர் இருந்தால் இதைச் சொல்லியிருப்பார். அந்தச் சரக்கைத் தட்டிலிருந்தே எடுத்திருப்பார். கடை மூடும்போது சரக்கோடு இந்த அறிவும் போய்விடுகிறது.

துருச் சந்தையிலும் தூண்டில் கடையிலும்

அப்படியென்றால் ஜொகூர் மலையேறிகள் எங்கே வாங்குகிறார்கள்? பதில் சுவாரசியமானது.

இருட்டிய பிறகு ஜொகூர் பாருவில் 'பாசார் காராட்' கூடியிருக்கும். பெயருக்குத் துருச் சந்தை என்று பொருள். மேசை மீதும் தரை விரிப்பிலும் பழைய கடிகாரம், பழைய சட்டை, பழைய சப்பாத்து. இதைத் தவிர ஊரெங்கும் 'பண்டல்' கடைகள். வெளிநாட்டிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பழைய துணிகளைக் கொட்டி விற்கும் இடங்கள் இவை. பொறுமையாகக் கிளறினால் நல்ல நிறுவனத்தின் மழைச்சட்டை, கம்பளிச் சட்டை, முதுகுப்பை அகப்படும். துணி வகை வாங்கலாம். ஆனால் மேலே சொன்ன காரணத்துக்காகவே பழைய சப்பாத்தை மட்டும் வாங்க வேண்டாம்.

இன்னொரு புகலிடம், தூண்டில் கடை. மெர்சிங்கிலோ பொந்தியானிலோ மீன்பிடிச் சாமான் விற்கும் கடைக்குள் போய்ப் பாருங்கள். நெற்றி விளக்கு, தண்ணீர் புகாத பை, நைலான் கயிறு, கையடக்க அடுப்பு எல்லாம் தொங்கும். கடைக்காரரும் பெரும்பாலும் தூண்டில் போடுபவர்தான். விளக்கு மழையில் அணையுமா என்று கேட்டால் சொந்த அனுபவத்தைச் சொல்வார்.

ஆனால் எல்லாவற்றுக்கும் மாற்று இல்லை. ஸ்டீம்போட் அடுப்புக்குப் போடும் நீளமான கேஸ் டின் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். மலையடுப்புக்குத் திருகிப் பொருத்தும் குட்டை டின் அப்படிக் கிடைக்காது. விமானத்திலும் கொண்டுவர முடியாது. முதுகுப்பையும் அப்படித்தான். பையின் அளவு லிட்டரில் மட்டும் இல்லை. கழுத்து எலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை உங்கள் முதுகின் நீளம் எவ்வளவு என்பதில் இருக்கிறது. இடுப்புப் பட்டை எலும்பின் மேல் உட்கார்ந்தால்தான் பாரம் காலுக்கு இறங்கும். இல்லையென்றால் தோள்பட்டை வாங்கிக் கட்டிக்கொள்ளும். இதைக் கைப்பேசித் திரை அளந்து சொல்லாது. பத்துக் கிலோ மணல் மூட்டையைப் பைக்குள் போட்டு, கடைக்குள்ளேயே நம்மை நாலு சுற்று நடக்கவிடும் கடைக்காரர்தான் சொல்ல முடியும்.

பால் மரத்தடியில் பிறந்த மலைச் சப்பாத்து

இந்த அலைச்சலுக்கு நடுவே, பல மலையேறிகளின் காலில் இருப்பது எது தெரியுமா? நம் தாத்தா பாட்டி தோட்டத்தில் போட்டுக்கொண்ட கறுப்பு ரப்பர் சப்பாத்து!

'அடிடாஸ் கம்போங்' என்று நாடே செல்லமாக அழைக்கும் அந்தச் சப்பாத்தை விளையாட்டுப் பொருள் கடையில் தேட வேண்டாம். சிற்றூர் மளிகைக் கடையிலும் இரும்புச் சாமான் கடையிலும் மண்வெட்டிக்குப் பக்கத்தில் கொத்தாகத் தொங்கும். விலை பத்து ரிங்கிட் அளவில்தான். முழுக்க ரப்பர். ஒட்டு இல்லை, நுரை இல்லை. ஆகவே உள்ளே பொடிந்துபோகவும் எதுவும் இல்லை. அடியில் காற்பந்துச் சப்பாத்து மாதிரி குமிழ்கள். சேற்றில் நன்றாகக் கவ்வும். ஆற்றில் இறங்கி ஏறினால் தண்ணீரைக் கொட்டிவிட்டு அப்படியே நடக்கலாம். மலை வழிகாட்டிகளும் பூர்வகுடி மக்களும் விரும்பி அணிவது இதைத்தான். காட்டு ஓட்டப் போட்டிகளில் இதைப் போட்டுக்கொண்டு ஓடுபவர்களும் உண்டு.

விடிவதற்கு முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, காலில் இந்தச் சப்பாத்தோடு, அட்டைக்கும் கொசுவுக்கும் ஈடுகொடுத்து நிரைநிரையாக மரம் வெட்டப் போனவர்கள் நம் முன்னோர். சிகாமாட், குளுவாங், கூலாய் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த குடும்பங்களில் இந்த நினைவு இன்னும் பசுமையாக இருக்கும். அதே நெற்றி விளக்கு, அதே சப்பாத்து, அதே இருட்டு. அன்று வயிற்றுப்பாட்டுக்குப் போனார்கள். இன்று பேரப்பிள்ளைகள் நுழைவுக் கட்டணம் கட்டிப் போகிறார்கள்.

அதற்காக எல்லாருக்கும் இதுவே போதும் என்று சொல்லிவிட முடியாது. உள்ளே மெத்தை கிடையாது. கூரான கல் பாதத்தில் தெரியும். கணுக்கால் பலவீனமானவர்களுக்கும், பாரமான பை சுமப்பவர்களுக்கும், முட்டிவலிக்காரர்களுக்கும் நல்ல சப்பாத்துதான் வேண்டும். ரப்பர் சப்பாத்துப் போடுபவர்கள் தடித்த, நீளமான காலுறை போட வேண்டும். இல்லையென்றால் கொப்புளம் நிச்சயம். அந்தக் காலுறை அட்டைக்கும் வேலி.

வாங்கும் முன் நான்கு சோதனை

சப்பாத்தை மாலையில் வாங்குங்கள். பகல் முழுக்க நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும்; மலையிலும் அப்படித்தான் வீங்கும். மலைக்குப் போடும் அதே காலுறையோடு போட்டுப் பாருங்கள்.

அடிப்பாகத்தின் பக்கவாட்டு நுரையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். குழி விழுந்து மீளாமல் நின்றாலோ, வெடிப்புத் தெரிந்தாலோ, பொடி உதிர்ந்தாலோ வைத்துவிடுங்கள். பிறகு சப்பாத்தை நன்றாக வளைத்து, ஒட்டிய இடம் பிரிகிறதா என்று பாருங்கள்.

நாக்குப் பகுதியின் உட்புறத்தில் தைத்திருக்கும் சிறு சீட்டில் பல நிறுவனங்கள் தயாரித்த மாதமும் ஆண்டும் அச்சடிக்கின்றன. ஐந்து ஆண்டைத் தாண்டியிருந்தால் எவ்வளவு தள்ளுபடி என்றாலும் வேண்டாம்.

கடைப் படிக்கட்டிலோ சரிவிலோ இறங்கிப் பாருங்கள். பெருவிரல் முன்னால் இடித்தால் அளவு சரியில்லை.

இவ்வளவும் பார்த்து வாங்கியும் முதல் பயணத்திலேயே பிய்ந்துவிட்டால்? 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற பலகையைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். ஒரு பலகையை மாட்டி அந்தப் பொறுப்பைக் கழற்றிவிட முடியாது. கடையோடு பேசித் தீரவில்லையென்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மனு கட்டணம் 5 ரிங்கிட்தான், வழக்கறிஞர் தேவையில்லை. அதற்காகவே ரசீதையும் பெட்டியையும் பத்திரப்படுத்துங்கள்.

எஞ்சியிருக்கும் கடைகளுக்கு நாம் என்ன செய்யலாம்?

ஜொகூரில் நல்ல மலைக்கடைகள் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. பேரங்காடியின் மேல்மாடி மூலையிலும் தாமான் கடைவரிசையின் முதல் மாடியிலும், தாங்களே மலையேறிகளான இளைஞர்கள் சிலர் சிறிய அளவில் நடத்துகிறார்கள். கூடாரமும் பையும் வாடகைக்குக் கொடுப்பவர்களும் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் லேடாங் போகும் குடும்பத்துக்கு வாடகை எவ்வளவோ மேல்.

அங்கே போய் அரைமணி நேரம் அவர் அறிவைக் கேட்டு வாங்கிக்கொண்டு, சப்பாத்தை மட்டும் இருபது ரிங்கிட் மலிவு என்று கைப்பேசியில் வாங்கினால், அடுத்த ஆண்டு அந்தக் கடை இருக்காது. கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: பழைய சரக்கைத் தள்ளுபடி ஒட்டி எங்கள் தலையில் கட்டாதீர்கள். ஒரு நல்ல சப்பாத்து பத்து வாடிக்கையாளரைக் கொண்டுவரும். பிய்ந்த ஒரு சப்பாத்து ஒரு குழுவையே விரட்டிவிடும்.

லேடாங்குக்கும் எண்டாவ்-ரொம்பினுக்கும் போகிறவர்கள் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். கிழக்குக் கரை மழைக்காலமான ஆண்டு இறுதியில் எண்டாவ்-ரொம்பின் மூடியிருக்கும். தேதி பார்த்துத் திட்டமிடுங்கள். லேடாங்கில் ஏறுவதற்கு முன் பைக்குள் இருப்பதைப் பட்டியல் போட்டுக் காட்ட வேண்டும். கொண்டுபோன குப்பையைத் திரும்பக் கொண்டுவருகிறோமா என்று பார்ப்பதற்காக.

அந்தப் பட்டியலைப் போடுவதற்கு முன் இன்று மாலை வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். சென்ற பயணத்துக்குப் பின் சப்பாத்து அலமாரியின் அடியில் போட்டுவைத்த ஜோடியை வெளியே எடுத்து, இரண்டு கையாலும் வளைத்துப் பாருங்கள். பிய்வதானால் அது வீட்டு வாசலிலேயே பிய்ந்துவிடட்டும்.